குருத்தைக் கிழித்த குருவிகள்

காட்டோரக் குளத்தின் மேல் ஒரு கருவேலமரம் சாய்ந்து நின்றது. அதன் கிளைகளில் இளம் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டப் பழகிக்கொண்டிருந்தன. முடிச்சு, பின்னல், காற்றைத் தாங்கும் வளைவு எல்லாம் அவற்றின் பாடத்தில் இருந்தன. நாணல் எப்படி வளர்கிறது என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

அந்தக் கூட்டத்தில் நாரன் என்ற குருவிதான் முதல் மாணவன். அது போட்ட முடிச்சு எந்தக் காற்றுக்கும் அவிழாது. பிடிக்கவில்லை என்றால் பாதி கட்டிய கூட்டைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, உடனே இன்னொன்றைத் தொடங்கிவிடும். கரையிலிருந்த நாணலின் இளங்குருத்து வளைக்கச் சுலபம். அதனால் நாரனும் மற்ற குருவிகளும் குருத்தையே கிழித்து வந்தன.

குருத்து போன நாணல் பட்டுப்போனது. வேர்ப்பிடிப்பு இல்லாமல் கரைமண் சரிந்து குளத்தைத் தூர்த்தது. நாணலுக்குள் குடியிருந்த நீர்க்கோழி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மரத்தடிக்கே வந்துவிட்டது.

"வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, மழையும் தள்ளிப் போகிறது. இந்த நாணல் நிழலில்தான் குளம் பிழைத்துக் கிடக்கிறது. குருத்தை விட்டுவிடுங்கள், தம்பி" என்றது.

நாரன் மரியாதையாகத்தான் பதில் சொன்னது. "நீங்கள் சொல்வது உண்மைதான், அக்கா. ஆனால் நாங்கள் கூடு கட்டுகிறவர்கள். குளத்தைக் கவனிப்பது எங்கள் வேலை இல்லையே."

மற்ற குருவிகள் நீர்க்கோழிக்காக வருத்தப்பட்டன. அன்று மாலை முழுவதும் மழை பொய்ப்பதைப் பற்றியே கவலையோடு பேசின. விடிந்ததும் வழக்கம்போலக் குருத்துக் கிழிக்கப் பறந்தன. மஞ்சன் என்ற குருவி மட்டும் ஒரு யோசனை சொன்னது. வெயில் கூடினால் கூட்டுச் சுவரைத் தடிமனாக்கிவிட்டால் போதும், எந்தச் சிக்கலுக்கும் ஒரு பின்னல் இருக்கும் என்றது. எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. தடித்த சுவருக்கு இரண்டு மடங்கு குருத்து தேவைப்பட்டது. நாணல் இன்னும் வேகமாக அழிந்தது.

பெண்குருவிகள் கூடு பார்க்க வரும் பருவம் வந்தது. தளிரி என்ற பெண்குருவி நேராக நாரனின் கூட்டுக்கு வந்தது. உள்ளே நுழையாமல், வாசலில் தொங்கியபடி கீழே பார்த்தது.

"கூடு அழகாக இருக்கிறது. கீழே தண்ணீர் எங்கே?"

நாரன் அப்போதுதான் குனிந்து பார்த்தது. கீழே வெடித்த சேறு. அதில் காட்டுப்பூனையின் கால்தடம். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், சுவரைக் கொத்திப் பார்க்கச் சொன்னது.

"பூனைக்கு எட்டும் இடத்தில் கெட்டிச் சுவர் இருந்து என்ன பயன்?" என்று தளிரி பறந்துவிட்டது.

அன்று மாலையே பூனை வந்தது. முன்பெல்லாம் தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்றுவிடும். இப்போது காய்ந்த தரையில் நடந்து வந்து, ஒரே தாவலில் மஞ்சனின் கூட்டைப் பற்றி இழுத்தது. முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. கிளை நுனியோடு கூடு மொத்தமாகக் கீழே போனது. மஞ்சன் வால் இறகுகளைப் பறிகொடுத்து, உயிரோடு தப்பியது.

நாரன் சேற்றில் கிடந்த கூட்டைப் பார்த்தது. இத்தனை நாளும் கூட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லையே என்று வெட்கப்பட்டது. மறுநாள் குளத்தை முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, நீர்க்கோழியிடம் போய் இறங்கியது.

"குருத்தைத் தொடாமல் கட்ட எனக்கு இன்னும் தெரியாது, அக்கா. ஆனால் இதுவும் கட்டுமானம்தான். கண்டுபிடித்துவிடுவேன்."

முற்றிய நாணல் இலையில் கட்டிப் பார்த்தது. முறிந்தது. குளத்தில் மிஞ்சியிருந்த தண்ணீரில் ஊறவைத்தபோது வளைந்தது. பனையோலைக் கிழிசல் இன்னும் உறுதியாக நின்றது. பழைய கூடுகளைப் பிரித்து அந்த நாரையே திரும்பப் பின்னியது. சில குருவிகள் நமக்கெதற்கு என்று ஒதுங்கின. மஞ்சன் வால் இல்லாமலே முதல் ஆளாக வந்து சேர்ந்தது. எங்கே ஈரம் தங்குமென்று நீர்க்கோழி காட்ட, நாரனும் மஞ்சனும் அங்கெல்லாம் விதை முற்றிய நாணல் பூவைக் கொண்டுபோய்த் தூவின.

மழை தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது நாணல் முளைத்துக் கரையைப் பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்ற குருவிகளும் பிறகு விதை சுமந்தன. நாணல் அடர அடர, குளத்தில் மறுபடி தண்ணீர் தங்கியது.

அடுத்த பருவத்தில் நாரனின் கூடு ஒட்டுப்போட்டதுபோல, பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. தளிரி அதில்தான் முட்டையிட்டது. பூனை கரையோரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. புதிதாகப் பழக வந்த குருவிகளை, முடிச்சுப் பாடத்துக்கு முன்பே, நாணல் நடக் கூட்டிப்போனது மஞ்சன்.

தான் கட்டுவதைத் தாங்கி நிற்கும் மண்ணையும் நீரையும் காப்பதும் கட்டுகிறவனின் வேலைதான்.