எங்க அறும், அண்ணாச்சி?

"டீச்சர், இன்னும் என்ன குறைன்னு சொல்லுங்க. சூரை மீன் வந்துட்டாம்லா! எனக்கு உடம்பே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு!"

கேட்டவர் தவசிமுத்து. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர். ஐம்பது தாண்டியாச்சு. தூண்டில் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த வயசெல்லாம் எங்கேயோ ஓடிப்போகும்.

டீச்சர் என்பது பெர்னதெத். அவரைவிட ரொம்ப இளையவள். தூத்துக்குடிக்குத் தெற்கே சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்துக்கொண்டு, ஆழ்கடலில் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கிறாள். பேச்சு கம்மி. இவரை அண்ணாச்சி என்பாள். அண்ணாச்சி என்பதற்காக ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மணலில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தார். அடேங்கப்பா, கல்யாணச் சீர்வரிசை தோற்றது!

தடியான தூண்டில் கம்பு, ஸ்பின்னிங் ராடு. நூல் சுற்ற, தேங்காய் பருமனுக்கு ஒரு ரீல். தண்ணீரில் சளக் சளக்கென்று அடித்து மீனைக் கிளப்புகிற பொய் இரை, பாப்பர். பக்கத்திலே ஒல்லியாக அவருடைய செல்லம், ஃப்ளை ராடு, தனி ரீலோடு. அதற்கென்று இறகும் மினுக்கு நூலும் வைத்து அவரே கொக்கியில் கட்டிய பொய் மத்திகள்.

பெர்னதெத் குனிந்து ஃப்ளை லைனை, அந்த ராடின் தடித்த நூலை, இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க அறும், அண்ணாச்சி?"

தவசிமுத்து காதைப் பொத்தாத குறை. அவர் வியாபாரி. கடையில் சரக்கு தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டார், நாளைக்கு வரும் என்பார். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார், குளிர வைக்கச் சொல்வார்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புற நேரம், என்ன வார்த்தை டீச்சர் அது? அறாது."

"அப்ப போட்டுல ஏறாதீங்க."

"டீச்சர்! நாளைக்குக் கச்சான் காத்து எழும்பிட்டா அப்புறம் எந்தப் போட்டும் போகாது. எனக்கு இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்!"

அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். எல்லா முடிச்சையும் அவிழ்த்து இரட்டை இரட்டையாகப் போட்டார். நுனியில் இருந்த தங்கூஸ் நரம்பை வெட்டி எறிந்துவிட்டு அதைவிடத் தடியானதைக் கட்டினார். ஓடினார்.

"இப்ப யானையைக் கட்டலாம் டீச்சர்."

"எங்க அறும்?"

"அறவே அறாது!"

அந்த நேரம் பார்த்துக் கரையில் யாரோ கத்தினார்கள். "ஏலே, ஆலா விழுது! ஆலா விழுது!"

தூரத்தில் ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தன. பறவைக்குக் கீழே சூரை. சூரைக்கு முன்னால் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மத்தி. தவசிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், கால்ல வேணும்னாலும் விழுதேன்."

பெர்னதெத் ஃப்ளை லைனின் நுனியை எடுத்தாள். அவர் இடுப்பைச் சுற்றினாள். முதுகுப் பக்கம், அவர் போட்ட அதே இரட்டை முடிச்சைப் போட்டாள். ராடைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஓடுங்க."

"எங்க?"

"சூரை எங்கன்னு கேட்டுட்டா போகும்? ஓடுங்க!"

ஓடினார். ரீல் கிர்ரென்று அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்கு வெறி ஏறிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டிகளைத் தாண்டி, ஹோவென்று கத்திக்கொண்டு ஓடினார். லைன் முழுக்கப் போனது. அதற்குப் பின்னால் சுற்றியிருந்த மெல்லிய நூலும் போய்க்கொண்டே இருந்தது.

ரீலின் அடியில், நூலைப் பிடித்திருந்தது ஒரே ஒரு முடிச்சு. அது வரைக்கும் எந்த மீன் வரப்போகுது என்று அவர் ஏனோதானோவென்று போட்டது.

அது நழுவியது.

"ஜெயிச்சுட்டேன் டீச்சர்!" தூரத்தில் அவர் குதித்தார்.

பெர்னதெத் கையை வீசிக் காட்டினாள். போங்க, போய்க்கிட்டே இருங்க.

நடந்தார். பின்னால் வந்த லைன் ஒரு நங்கூரத்தில் மாட்டியது. எடுத்துவிட்டார். வலையில் மாட்டியது. கருவாடு காயப்போட்ட பாயை இழுத்துக்கொண்டு வந்தது.

"யோவ், உன் வாலைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டு நடய்யா!" என்று கருவாட்டுக்காரம்மா வைதாள்.

ஒரு ஆடு லைனைக் காலில் சுற்றிக்கொண்டு கதறியது. ஆட்டை விடுவிக்கப் போனவருக்கு இரண்டு காலும் சிக்கின. முடிச்சை அவிழ்க்கக் கை எட்டவில்லை. இழுக்க இழுக்க அது இடுப்பை அறுத்தது. விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார்.

திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"டீச்சர், இதை இழுத்துக்கிட்டு சூரை எப்படி இரை எடுக்கும்?"

அவள் கத்தியால் முடிச்சை வெட்டிவிட்டாள்.

"எங்க அறும்னு நீங்க சொல்லல அண்ணாச்சி. அறுறதுக்கு அதுவா ஒரு இடம் பாத்துக்கிடுச்சு."

தவசிமுத்து மணலில் உட்கார்ந்தார். லைனைச் சிக்கெடுத்துச் சுற்றினார். ரீலின் அடி முடிச்சை இந்தத் தடவை பல்லைக் கடித்து இறுக்கினார். பிறகு பெட்டியில் கிடந்ததிலேயே மெல்லிய தங்கூஸை எடுத்தார். ஒரு சாண் வெட்டி, பொய் மத்திக்கு முன்னால் கட்டினார்.

"எங்க அறும்?"

அவர் அந்த மெல்லிய துண்டைத் தொட்டுக் காட்டினார்.

"வாய்கிட்ட டீச்சர். வாய்கிட்ட அறும்."

"ஏறுங்க."

போட்டு பாய்ந்தது! ஆலாக்கள் தலைக்கு மேலே கத்தின. பெர்னதெத் ஸ்பின்னிங் ராடைச் சுழற்றிக் கொக்கி இல்லாத பாப்பரை வீசினாள். சளக், சளக், சளக். அதன் பின்னால் தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது.

"இப்ப எறிங்க!"

எறிந்தார். பொய் மத்தி தண்ணீரைத் தொட்டதுதான் தெரியும்.

"அம்மாடியோவ்!"

ராடு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. லைன் போனது, மெல்லிய நூல் போனது. பெர்னதெத் போட்டைத் திருப்பித் துரத்தினாள். மீன் போட்டைவிட வேகம். ரீலில் நூல் குறைந்து குறைந்து, அடித்தகடு பளிச்சென்று தெரிந்தது.

தவசிமுத்து அதைப் பார்த்தார். இத்தனை வருஷம் காத்துக் கிடந்த மீன். கண்ணில் தண்ணீர் முட்டியது.



அவர் உள்ளங்கையை ரீலின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார்.

டப்.

தூரத்தில் சூரை ஆளுயரத்துக்கு எகிறி, வெயிலில் மின்னி, விழுந்தது.

"போயிட்டு டீச்சர்!" கத்தினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "போயிட்டு!"

"எதைக் கொண்டுபோச்சு?"

"ஒரு பொய் மத்தி!"

"அப்ப அடுத்ததைக் கட்டுங்க. ஆலா இன்னும் விழுது."

"முடிச்சுப் போட முடியல டீச்சர். கை நடுங்குது."

பெர்னதெத் தன் கையை நீட்டிக் காட்டினாள்.

அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.