தலைவர் படமும் ஐந்நூறு கேபியும்

புயல் எச்சரிக்கை தரும் மீனவர் சங்க இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள தினக்கூலிக்கு வந்தவள் ஜெனோவா. எந்தப் பக்கமும் ஐந்நூறு கேபியைத் தாண்டக்கூடாது, மூன்று நொடிக்குள் திறக்க வேண்டும் என்று தளத்தில் வரம்பு வைத்தாள். மறுநாளே சங்கத் தலைவர் மச்சாதுவின், வரம்பைவிட நாற்பது மடங்கு பெரிய இருபது எம்பி படத்தைத் தளம் ஏற்க மறுத்தது.

"என் படத்துக்கே வரம்பா? சின்னதாக்காம அப்படியே போடு. மூணு நொடியில திறக்கவும் வேணும். இல்லன்னா உனக்கு வேலை இல்ல!"

"சரிங்கய்யா. தளத்தோட தொடக்க விழாவுல, கடற்கரையில நீங்களே திறந்து காட்டுங்க."

விழாவில், மீன் விற்கும் செல்வமேரியின் பழைய போனில் தலைவர் தளத்தைத் திறந்தார். முதலில் முடி வந்தது. வெகுநேரம் கழித்து நெற்றி வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"புயல் எச்சரிக்கை எங்கம்மா?" என்றாள் செல்வமேரி.

"ஐயா மீசைக்குக் கீழ இருக்குக்கா. மீசை இன்னும் வரல," என்றாள் ஜெனோவா பணிவாக.

கரையே சிரித்தது. தலைவரும் அசடு வழிந்தார். "உன் வரம்புலயே போட்டுடும்மா."

அவள் தயாராக வைத்திருந்த சிறிய படத்தை மாற்றினாள். கண்மூடித் திறப்பதற்குள் எச்சரிக்கை வந்தது. செல்வமேரி அதை உரக்கப் படிக்க, எல்லாரும் படகுகளை மேட்டில் ஏற்றினார்கள்.

இரண்டு நாள் சுழன்றடித்த புயலில் ஒரு படகுகூடச் சேதமாகவில்லை. மூன்றாம் நாள் ஜெனோவா தலைநிமிர்ந்து அலுவலகத்துக்குள் நுழைந்தாள். எழுந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர் தலைவர்.