முள்ளம்பன்றி கேட்ட ரகசியம்

ஒரு காட்டில் உளவு பார்ப்பது கரிச்சான் குருவிகளின் வேலை. மர உச்சியில் உட்கார்ந்து, நரி எங்கே, பாம்பு எங்கே என்று கவனிக்கும். யார் சேதி சொல்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது அல்லவா? அதனால் மைனா போலவும் கிளி போலவும் குரலை மாற்றித்தான் சேதி அனுப்பும். கெட்டிக்காரக் குருவிகள்!

அந்தக் குருவிகளின் வேலையைச் சரிபார்க்க யானை ராணி ஒரு முள்ளம்பன்றியை வைத்திருந்தாள். முள்ளம்பன்றியைத் தட்டிக்கொடுத்துச் சரிக்கட்ட யாராலும் முடியாது. தோளில் கை போட்டால் முள் ஏறிவிடும். ராணியே இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவாள்.

ஒரு காலை கரிச்சான் தலைவர் பதறிக்கொண்டு பறந்து வந்தார்.

"மகாராணி! முயல் துரோகி! தினமும் நரி வளைப் பக்கம் போறா. நம்ம குட்டிங்க இருக்கிற இடத்தையெல்லாம் காட்டிக் கொடுக்கிறா!"

"நிச்சயமா?"

"பல மரத்துலேர்ந்தும் சேதி வந்திருக்கு!"

"அப்படியானால் பொழுது சாய்வதற்குள் முயல் காட்டை விட்டுப் போகட்டும்!" என்றாள் ராணி.

முயல் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதாள். "வெளியே வெட்டவெளி. என் பிள்ளைங்களைக் கழுகு தூக்கிடுமே!"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்து கரிச்சான் தலைவரிடம் கேட்டாள். "யார் பார்த்தது, தம்பி?"

"அது ரகசியம் அக்கா!"

"ஊருக்குச் சொல்லாதே. என்கிட்ட சொல்லு. அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

ராணி தலையசைத்தாள். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே முள்ளம்பன்றியைக் கூட்டிப்போனார்.

முதலில் வேங்கை மரத்துக் குருவி. "நீ கண்ணால பார்த்தியா?"

"இல்லக்கா. மருத மரத்துலேர்ந்து மைனா குரல்ல வந்தது."

மருத மரத்துக் குருவி சொன்னது: "அந்த மைனா நான்தான்! எனக்கு இலவ மரத்துலேர்ந்து கிளி குரல்ல வந்தது."

"இலவ மரத்துல யாரு?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான்தான் அக்கா. முயல் ஏன் அந்தப் பக்கம் போறா, காட்டிக் கொடுக்கிறாளோன்னு சந்தேகமாத்தான் கேட்டேன். பல பக்கத்துலேர்ந்தும் அதே சேதி வந்ததும் நிஜம்னு நம்பிட்டேன்!"

முள்ளம்பன்றி முள்ளெல்லாம் குலுங்கச் சிரித்தாள். "நீ விட்ட சேதியே உன்கிட்ட திரும்பி வந்திருக்கு!"

பிறகு முயலிடம் போய்க் கேட்டாள்.

"நரிக்குப் பயந்து அங்கே யாரும் மேயறதில்ல. அதனால நல்ல புல்லு. நரி வேட்டைக்குப் போனதும் ஓடிப்போய் மேய்ஞ்சுட்டு வரேன். பிள்ளைங்களுக்குப் பால் வேணுமே, அக்கா!"

முள்ளம்பன்றி அங்கேயும் போய்ப் பார்த்தாள். வளை வாசலில் நரியின் காலடித் தடம் மட்டுமே இருந்தது. சற்றுத் தள்ளி, புல் கத்தரித்தது போல் மேயப்பட்டிருந்தது.

வெயில் இறங்குவதற்குள் ராணியிடம் திரும்பினாள். "முயல் மேல குத்தமில்ல. ஒரே சந்தேகம்தான் பல குரல்ல சுத்தி வந்திருக்கு."

"குருவிங்க எந்தெந்த மரத்துல இருக்கு? சொல்லுங்க, சொல்லுங்க!" என்று அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குரங்கு துள்ளியது.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன். அவங்க பொழைப்பு அது!"

முயல் காட்டிலேயே இருக்கட்டும் என்றாள் ராணி. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. முயலிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு சேதியும் 'பார்த்தேன்' என்றோ 'கேட்டேன்' என்றோதான் தொடங்க வேண்டும் என்று முள்ளம்பன்றி உத்தரவு போட்டாள்.

சில நாள் கழித்து முயல் மேய்ந்துகொண்டிருந்தபோது, இலவ மரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பார்த்தேன்! நரி திரும்பி வருது! ஓடும்மா!"

முயல் ஒரே ஓட்டமாக ஓடிக் குட்டிகளிடம் போய்ச் சேர்ந்தாள்.

நம்மைக் காக்க ஒளிந்திருந்து பார்க்கும் கண்கள் வேண்டும். அந்தக் கண்கள் சரியாகப் பார்க்கின்றனவா என்று கேட்க, யாருக்கும் வளையாத ஒருவரும் வேண்டும்.