சிரசாசன மாப்பிள்ளை

பூசணிப்பாளையத்துச் செங்கோடனுக்கு, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்ட பிறகு ஒரு வரன் கூடி வந்தது. பெண் பவளக்கொடி. அவளுடைய அப்பா நாச்சிமுத்துவோ யோகாசனப் பைத்தியம். "சிரசாசனம் போடுகிற பையனுக்குத்தான் பெண். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

செங்கோடனுக்குச் சிரசாசனம் என்றால் என்னவென்றே தெரியாது. கூட்டாளிகள் குப்பண்ணனையும் மாரப்பனையும் இழுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினான்.

"சிரசு என்றால் வடமொழியில் தலை. தலையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

திரும்பும் வழியில் குப்பண்ணன் நின்றுவிட்டான். "யார் தலையிலன்னு கேக்காம வந்துட்டமே."

"என் தலை வேண்டாம்ப்பா. கழுத்துல சுளுக்கு" என்றான் மாரப்பன்.

"கல்யாணம் அவனுக்குத்தானே? அவன் தலையிலயே அவன் நிக்கட்டும்."

நியாயமாகத்தான் இருந்தது. நிற்கத்தான் முடியவில்லை. தூக்கிவிட்டால் விழுந்தான், விழுந்தால் அழுதான்.

மாரப்பன் நெடுநேரம் யோசித்தான். "மரவள்ளிக் குச்சி எப்படி நிக்குது?"

"குழி வெட்டி நடறோம், நிக்குது."

வெள்ளிக்கிழமை வாசலில் குழி வெட்டி, செங்கோடனைப் புருவம் வரைக்கும் நட்டு, மண் அணைத்து, இரண்டு பக்கமும் முட்டுக்கொம்பு கொடுத்தார்கள். வேட்டியைக் கணுக்காலோடு கட்டினார்கள். சட்டை சரிந்து முகத்தை மூடிக்கொண்டது.

"நட்டா தண்ணி ஊத்தணுமில்ல?" என்று குப்பண்ணன் ஒரு குடம் ஊற்றினான். செங்கோடன் தும்மினான்.

"உசிர் புடிச்சிருச்சு" என்றான் மாரப்பன், திருப்தியாக.

நாச்சிமுத்து மகளோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நானே தள்ளாடுவேன். தம்பி அசையவே இல்லையே."

பவளக்கொடி பாதங்களை நன்றாகப் பார்த்துவிட்டு, "எனக்குப் புடிச்சிருக்குங்கப்பா" என்று தலை குனிந்தாள். கொண்டுவந்த மாலையைக் காலில் போட்டுவிட்டு அப்பாவும் மகளும் காப்பி குடிக்க உள்ளே போனார்கள்.

மாப்பிள்ளைக்கும் காப்பி ஆறிவிடக் கூடாதே என்று கூட்டாளிகள் செங்கோடனைத் தோண்டி எடுத்து உள்ளே அனுப்பினார்கள். அவன் மண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு பாயில் உட்கார்ந்தான்.

"யாருப்பா நீ?" என்றார் நாச்சிமுத்து.

"மாப்பிள்ளைங்க."

"விளையாடாதே. எங்க மாப்பிள்ளைக்கு மேலே கால் இருந்துச்சு. உனக்குத் தலையல்லவா இருக்குது?"

பவளக்கொடி எட்டிப் பார்த்தாள். "இவர் இல்லைங்கப்பா" என்றாள், கண் கலங்க.

குப்பண்ணன் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஆமாங்க, குழி காலியாக் கிடக்குது."

"நல்ல பையன். எவன் புடுங்கிட்டுப் போனானோ" என்று நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

செங்கோடனுக்குப் பகீர் என்றது. அந்த ஆள் கிடைக்காவிட்டால் தன் கல்யாணம் நின்றுபோகுமே. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, "முருகா, அவன் ரொம்ப தூரம் போயிருக்கக் கூடாது" என்று கும்பிட்டுக்கொண்டே, எல்லோருக்கும் முன்னால் தேட ஓடினான்.