பெயர் மூடிய படங்கள்

கடலோர நகரம் ஒன்றின் ஓவியக் கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் மாதத்தின் முதல் திங்களன்று மட்டும் அதன் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். மறதி நோய் வந்தவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் ஜோடி ஜோடியாக உள்ளே போவார்கள். அன்றைக்கு வேறு கூட்டம் கிடையாது.

அவர்களை அழைத்துப்போய்ப் படம் காட்டுபவர் பெயர் அமலோற்பவம். எல்லோருக்கும் அவர் டீச்சர். ஒரு நாளைக்கு இரண்டே படங்கள்தான். படத்துக்கு முன்னால் அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அதற்கு முன்பே, படத்தின் பெயர் எழுதிய சின்னப் பலகையின் மேல் வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒட்டிவிடுவார். இங்கே சரியான பதில் என்று எதுவும் கிடையாது, 'ஞாபகம் இருக்கா' என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அவருடைய சட்டம் அவ்வளவுதான்.

இந்தச் சட்டம், மனைவியோடு அங்கே வரும் தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவர் அவர். தலைமையாசிரியர்கள் ஓய்வு பெறுவார்கள், அவர்களுடைய கேள்விகள் பெறுவதில்லை. மனைவி சுலோச்சனாவுக்கு மறதி தொடங்கியதும், மூளைக்கு வேலை கொடுங்கள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அவரும் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வேலை கொடுத்தார்.

காலையில் காப்பி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடும். இன்றைக்கு என்ன கிழமை? நம் மகள் எந்த ஊரில் இருக்கிறாள்? நான் யார்? சரியாகச் சொன்னால் 'வெரி குட்' என்பார். தப்பாகச் சொன்னால் திருத்தி, மறுபடி ஒப்பிக்கச் சொல்வார். எல்லாம் பிரியத்தில்தான். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் மனைவி தன்னிடம் ஓர் அடி திரும்பி வருகிறாள் என்று நம்பினார், பாவம்.

ஓவியக் கூடத்துக்கு வரும் முன்பும் பயிற்சி உண்டு. அங்கே விற்கும் அஞ்சலட்டைகளை வாங்கிப்போய், எந்தப் படத்துக்கு என்ன பெயர் என்று மனப்பாடம் செய்யவைத்து அழைத்துவருவார். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

ஒரு திங்களன்று மீன் சந்தைப் படம். துறைமுகத்தில் வேலை பார்த்த காசிம் பாய் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, குழம்புக்கு உப்பு பத்தவில்லை என்றார். படத்தில் குழம்பே இல்லை. அவர் மகனும் திருத்தவில்லை, டீச்சரும் திருத்தவில்லை. சுலோச்சனாதான் பாய் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் கொதிக்கட்டும் பாய். அப்புறம் போட்டுக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தணிகாசலம் வீட்டில் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவரால் தாங்க முடியவில்லை.

"இதுல குழம்பு எங்க இருக்கு சுலோ? நேத்துகூடச் சொல்லிக்குடுத்தேனே. இது என்ன படம்? சொல்லு."

சுலோச்சனா உதட்டை மூடிக்கொண்டாள். இரண்டாவது படத்துக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் தேநீர் குடிக்கப் போனதும் தணிகாசலம் டீச்சரிடம் வந்தார். அவருடைய மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான் டீச்சர். ஆனாலும் கைகட்டி நின்றார்.

"எனக்கும் கத்துக்குடுங்க டீச்சர். காசிம் பாய்கிட்டப் பேசுறா, உங்ககிட்டப் பேசுறா. என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறா. என்மேல ஏதோ கோவம். என்னன்னு தெரிஞ்சா, அவ என்னை மொத்தமா மறந்துபோறதுக்குள்ள மன்னிப்புக் கேட்டுடுவேன்."

தனக்குத் தோன்றிய காரணங்களையும் சொன்னார். பரீட்சை நேரம் என்று அவள் தங்கை கல்யாணத்துக்கு அனுப்பாமல் விட்டது. அவள் ஆசையாகப் போட்ட கோலத்தின் மேல் சைக்கிளை ஏற்றியது. எது என்றுதான் பிடிபடவில்லை என்றார்.

டீச்சர் அவரை அடுத்த அறைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு பெரிய படம் இருந்தது. உருவம் எதுவும் இல்லை, வெறும் நிறங்களைத் தீற்றியிருந்தார்கள். அதன் பெயரும் மூடியிருந்தது.

"என்ன தெரியுது சார்?"

"மலை மாதிரி இருக்கு."

"இல்ல."

"அப்ப, கடல் அலையா?"

"இல்லயே. நல்லாப் பாருங்க. போன மாசம்கூடச் சொன்னேனே."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போன மாதம் இந்த அறைக்கு வந்த மாதிரியே அவருக்கு நினைவில்லை. டீச்சர் குரலை உயர்த்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். தணிகாசலத்துக்கு இன்னொரு பதில் தோன்றியது. அதுவும் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டார்.



"என்மேல கோவமா சார்?" என்று டீச்சர் கேட்டார்.



மறுநாள் முதல் தணிகாசலம் சுலோச்சனாவிடம் எதையும் கேட்பதில்லை. அது சுலபமாக இல்லை. கேள்வி நாக்கு நுனிவரை வரும், காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடுவார். ஆனால் சுலோச்சனாவுக்கு அது எப்படித் தெரியும்? அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே தோளைக் குறுக்கிக்கொண்டு, வரப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தாள்.  இத்தனை நாளும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போது அது அவர் கண்ணில் படவில்லை.

மழைக்காலத்து முதல் திங்களன்று டீச்சர் காட்டிய படத்தில், ஒரு பாலத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்துபோகிறார். முதுகு மட்டும்தான் தெரியும். சுலோச்சனா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த தணிகாசலத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர்."

அது யாரோ, நான்தான் உன் வீட்டுக்காரன் என்று சொல்ல அவர் வாயெடுத்துவிட்டார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிங்களா?" என்றார். கட்டிய மனைவியிடம் அவர் மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "எங்க கெளம்பிட்டாரு?"

"ஸ்கூலுக்கு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பாரு சார். எனக்குத் தெரியாது. தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயம். அதான் பேசல."

 அவள் மறுபடியும் அந்த முதுகைப் பார்த்தாள்.

"கோவம்னு நெனச்சிருப்பாரு. கோவமெல்லாம் இல்ல. அவரப் பாத்தா சொல்லிடுறீங்களா சார்?"

"சொல்றேம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவர் பக்கத்தில் அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் அவர் டீச்சரிடம் சொன்னார்.

அதன் பிறகு சுலோச்சனாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. தை பிறப்பதற்குள் அடியோடு நின்றுவிட்டது. காசிம் பாயிடமும் இல்லை, டீச்சரிடமும் இல்லை. தணிகாசலம் மட்டும் மாதம் தவறாமல் அவளை அழைத்துவந்தார். அவள் பார்க்கும் படத்தை அவரும் பார்ப்பார். அவள் பார்க்காதபோது அவளைப் பார்ப்பார்.

கோடை தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, மற்றவர்கள் போன பிறகு அவர் டீச்சருக்கு நாற்காலிகளை மடக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா கொஞ்சம் தள்ளி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கையிலிருந்த நாற்காலியை அப்படியே வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"அன்னைக்கு அவ கேட்டப்ப, நான்தாம்மா அதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். யாரோ மாதிரி உக்காந்துட்டு வந்துட்டேன். இனிமே கேட்டாலும் அவளுக்குப் புரியாது. ராத்திரி படுத்தா இதேதான் ஓடுது. நான் செஞ்சது சரியா, தப்பா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் அவர் வைத்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். திரும்பி வந்து அவர் எதிரில் நின்றார்.

"அவங்க உங்ககிட்ட ஒரு சேதி குடுத்தாங்களே சார். இன்னும் அவங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலயா?"