வால்புர்கா பேசிய ஒரு மணி நேரம்

இதை எனக்குச் சொன்னது சிஸ்டர் அமலோற்பவம். ஜெர்மனியின் பவேரியாவில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். தொண்ணூற்றாறாம் வருஷத் தவக்காலத்தில், பீடத்துணி தைத்துக்கொண்டே சொன்னார்கள்.

அங்கே சும்மா நின்று ஊர்க்கதை பேசுவதற்கு 'ராட்ஷன்' என்று பெயராம். ஏன் தாமதம் என்று கேட்டால், "கடை வாசலில் கொஞ்சம் ராட்ஷன் பண்ணினேன்" என்பார்களாம்.

முன்னொரு காலத்தில், சமையற்கட்டில் யாரோ ராட்ஷன் பண்ணியதில், அந்த ஊர் அரசரின் சூப் ஒரு நாள் அடிப்பிடித்துவிட்டது. "இனி அரண்மனையில் யார் ராட்ஷன் பண்ணினாலும் வேலை போச்சு" என்று கட்டளை போட்டார்.

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்குச் செய்த பலகாரம் இன்னும் தீராத ஒரு திங்கட்கிழமை. மேற்பார்வைக்காரர் இக்னாஸ், சமையல்காரி வால்புர்காவை அரசர் முன்னால் நிறுத்தினார். அவள் கைம்பெண், மூன்று பிள்ளைகள். அவள் வேலையைத் தன் மைத்துனிக்கு வாங்கித் தர இக்னாஸுக்கு ஆசை.

"பத்து நாளைக்கு முன்னால், பால்காரியோடு ஒரு மணி நேரம் ராட்ஷன் பண்ணினாள், அரசே."

"இல்லை, அரசே" என்று அவள் கண் கலங்கினாள்.

அமைச்சர் கோர்பினியன் எழுந்தார். சிரித்தே அறியாத முகம்.

"ஒரு மணி நேரம் என்று எப்படித் தெரியும்?"

"கதவுக்குப் பின்னால் நின்றேனே! ஆரம்பிக்கும்போது கோவில் மணி பன்னிரண்டு அடித்தது. முடிக்கும்போது ஒன்று. என் காதால் கேட்டேன்."

"நல்ல காது. அரசே, ராட்ஷன் என்ற சொல் எப்படி வந்தது?"

"இப்போது அதுவா முக்கியம்?"

"குற்றம் என்னவென்று தெரிய வேண்டாமா?"

அரசர் அலுத்துக்கொண்டார். "ராட்ஷெ என்ற மரக்கருவி. சுற்றினால் கடகடவென்று ஓயாது. ஓயாமல் பேசுவதற்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்."

நம் கோவிலில் தட்டுகிற மரக்கட்டைக்கு அது அக்கா முறை.

"அதை எப்போது சுற்றுவோம், அரசே?"

"பெரிய வியாழன் தொடங்கி பாஸ்கா வரை. கோவில் மணி அடிக்கக் கூடாத நாட்களில்..." அரசர் நிறுத்தினார். விரல் விட்டு எண்ணினார். பத்து நாளைக்கு முன்னால் பெரிய வெள்ளி.

இக்னாஸ் முந்திக்கொண்டார். "அது... மாட்டுக் கழுத்து மணியாக இருக்கும்."

"இருக்கும்" என்றார் அமைச்சர். "பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்த மாடு."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். வால்புர்காவின் வேலை நிலைத்தது. அடுத்த வருஷம் மூன்று நாளும் தெருத்தெருவாக ராட்ஷெ சுற்றும் வேலை இக்னாஸுக்கு.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அமைச்சரைக் கேட்டார் அரசர்.

"அந்தக் கட்டளையை எடுத்துவிடுங்கள், அரசே. நாம் பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிறது. வால்புர்கா இங்கே நிற்கிறாள். சூப் அடுப்பில் இருக்கிறது."

சிஸ்டர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கேட்டவர்கள் அவர்களுக்காக ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லுங்கள்.