கழற்றிப் போட்ட ஃபில்டர்

ஒரு விடுகதை. கதவைத் திறக்காமலே வீட்டின் எல்லா அறைகளுக்கும் போய்வரும். போன இடத்தில் உதிர்ந்து கிடப்பதைச் சுமந்துகொண்டு வரும். கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் கறுத்துப்போய்ச் சும்மா கிடக்கும். அது என்ன?

மீன்பிடித் துறைமுகத்துப் பயிற்சிக்கூடத்தில் பெனிட்டா டீச்சர் இதைக் கேட்டபோது, ஆன்றோ எல்லாரையும் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார்.

"எஞ்சின் ஆயில், டீச்சர்!"

சரியான விடைதான்.

ஆன்றோ விசைப்படகு டிரைவர். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே காலம் தள்ளியவர். டீச்சர் அவரைவிட இளையவர். ஆனாலும் ஆன்றோ முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தார். காரணம், அவர் ஓட்டும் படகு. அது அவருடைய தங்கையின் கணவர் ஜெரோமுக்குச் சொந்தம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகு கரைக்கு வந்தபோது, அதன் எண்ணெயில் கொஞ்சம் எடுத்து டீச்சர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். செம்பும் ஈயமும் வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பதில் வந்தது. உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்கிறதோ என்று சந்தேகம்.

"அவசரப்பட வேண்டாம், அண்ணே. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடா இருக்கும்போது இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க. அதுலயும் கூடியிருந்தா பிரிச்சுப் பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

தடைக்காலம் முடியப் போகிறதென்றால் அந்தக் கரையில் படகுகளுக்குத் திருநாள். புதுப் பெயின்ட் அடிப்பார்கள். பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். மாலை போடுவார்கள். எஞ்சினுக்கும் புது எண்ணெய் ஊற்றுவார்கள், பிள்ளைக்குப் புதுச்சட்டை போடுவதுபோல.

ஆன்றோவும் ஊற்றினார். எண்ணெயை வடிகட்டும் ஃபில்டரையும் மாற்றினார். அதற்குப் பிறகுதான் எஞ்சினை ஓடவிட்டு, டீச்சர் சொன்னபடியே சூடாக எண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் காலை பதில் வந்தது. செம்பும் இல்லை, ஈயமும் இல்லை. ஆன்றோ தாளை ஆட்டிக்கொண்டே படகுக்கு ஓடினார்.

"என்ன மச்சான், எஞ்சினுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தியே, சுகர் இருக்கா?" என்று கேட்டார் ஜெரோம்.

"ஒரு எழவும் இல்லை. சுத்தம்!"

"நான் அப்பவே சொன்னேன். உனக்குத்தான் இந்த வயசுல படிப்பு தலைக்கேறிப் போச்சு."

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். தாளை வாங்கிப் படித்தார்.

"அண்ணே, இது எந்த எண்ணெய்?"

"புதுசு, டீச்சர். ஊத்தின கையோட எடுத்தேன்."

"எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

டீச்சர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது உங்க எஞ்சினைப் பத்திப் பேசலை. எண்ணெய்க் கடையைப் பத்திப் பேசுது."

ஆன்றோவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பழைய எண்ணெய் எங்கே?"

"படகுப் பலகைக்குப் பூச ஆள் வந்து வாங்கிட்டுப் போயாச்சு, டீச்சர்."

"பழைய ஃபில்டர்?"

அது குப்பை வாளியில் கிடந்தது. டீச்சர் ரம்பத்தை எடுத்து அதன் தகரக் கூட்டை அறுத்தார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த தாளை உருவி, மேல்தட்டில் வெயிலில் விரித்தார்.

ஆன்றோ குனிந்து பார்த்தார். கறுப்பு எண்ணெய்க்கு நடுவில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. விரலால் தொட்டார். செம்பு நிறம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஜெரோமும் பார்த்தார். "நாளைக்கே உடைஞ்சு போகும்னு சொல்லுதா, டீச்சர்?"

"அதுக்கு நாளும் கிழமையும் தெரியாது, அண்ணே. தேயுதுன்னு மட்டும் சொல்லுது."

"முதல் நாள் மீனை விட்டா அப்புறம் என்ன இருக்கு? ஊரே போகுது. மச்சானுக்குப் பயமா இருந்தா வேற டிரைவரைக் கூட்டிட்டுப் போறேன்."

ஆன்றோ விரலைப் பார்த்தபடியே நின்றார். துடைத்துக்கொள்ளவில்லை. நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகில் போகிறவர் தங்கையின் புருஷன்.

"முழுசும் பிரிக்கணுமா, டீச்சர்?"

"வேண்டாம். முதல்ல எடுத்த எண்ணெயில செம்பும் ஈயமும்தான் கூடியிருந்துச்சு. இரும்பு கூடலை. தேயுறது பேரிங் மட்டும்தான், அதுக்குள்ள சுத்துற தண்டு இன்னும் தப்பிச்சிருக்கும். அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டைக் கழற்றினா பார்த்துரலாம். இப்பவே தொடங்கினா நாளை மறுநாள் படகு போயிரும்."

ஜெரோம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் காது இங்கேதான் இருந்தது.

ஆன்றோ தயங்கினார். "ஊரெல்லாம் கடலுக்குப் போன நேரத்துல நாங்க மட்டும் பிரிச்சுப் போட்டு, உள்ளே ஒண்ணும் இல்லைன்னா?"

"கரையில பிரிச்சு ஒண்ணும் இல்லைன்னா, சிரிச்சுட்டு மூடிரலாம், அண்ணே."

ஆன்றோ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினார். புது எண்ணெயை வடித்தார்.